கண்ணாடி ஏற்றிய கேபின்

கண்ணாடியை ரெண்டு பக்கமும் முழுசாக ஏற்றிவிட்டு உட்காருங்க, காற்று இரைச்சல்கூட உள்ளே வரக் கூடாது என்று பிரணவ் சொல்லியிருந்தான். ஏற்றியாயிற்று, இடது பக்கத்துக் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு, கைப்பிடிக்கு ஒரு குத்து விட்ட பிறகுதான் மேலே போனது, இனி அந்தக் கம்பெனிப் பொண்ணு எப்போது போனில் கூப்பிடுகிறாளோ அதுவரைக்கும் இந்த டிரைவர் சீட்டில் அவிந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். சங்ககிரி பைபாஸ் ஓரத்து வைகாசி வெயில், அதற்குக் கீழே தகரக் கூரை, அதற்குள்ளே இந்த இரும்புக் கூண்டு. யாரோ எப்போதோ மாட்டிய மல்லிகைச் சரம் கண்ணாடியோரம் கருகித் தொங்கியது, ஆயில் நெடியோடு அது கலந்து அடித்தது, ஒரு காலத்தில் இந்த நெடி இல்லாவிட்டால் தூக்கம் வராது, இப்போது தலையை வலிக்கிறது. போதும். அர்த்தனாரிக்குப் போதும் என்று ஆகி ரெண்டு மூன்று வருசம் இருக்கும். பழைய லாரிகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்ற யார்டில் இது ஒன்றுதான் பாக்கி, இதை வாங்க ஓமலூர்ப் பக்கத்துச் செங்கல்காரன் ஒருவன் சாயங்காலம் வருகிறான், அதோடு கணக்கு முடிந்தது, இடத்தைக் கல்யாண மண்டபம் கட்டுகிறவனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இடம் விற்ற பணம் பாங்கியில் கிடக்கிறது. அவருக்கும் பாவாயிக்கும் இனிமேல் சோறு, மாத்திரை, ஆஸ்பத்திரி, கடைசிச் செலவு எல்லாம் அதற்குள்தான், பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் வேறு யார் கொண்டுவந்து கொட்டப்போகிறார்கள். அந்தப் பணம் மொத்தமும் பிரணவ் காட்டிய வட்டிப் பத்திரத்துக்குப் போவதா வேண்டாமா என்பது இப்போது அவர் வாயில் இருக்கிறது. நாலு தடவை ஆமாங்க. அவ்வளவுதான். ஆமாங்க என்று சொல்லிப் பார்த்தார். கேபினுக்குள் அது யாரோ தொண்டை கட்டினவன் சொன்னது போலக் கேட்டது.

ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க. இதில் என்ன இருக்கிறது. பச்சைப்பிள்ளை சொல்லும். ஆனால் ரெண்டு தடவை வந்த அழைப்பிலும் அவருக்கு வாய் நிற்கவில்லை. பழைய வழக்கம், எதிராளி எதைச் சொன்னாலும் அதிலிருந்து கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் அவருக்கு வாங்கத் தெரியும். முதல் தடவை அந்தப் பொண்ணு புஸ்தகத்தில் இருப்பது மாதிரி வாசித்தாள், “முதலீடு செய்த தொகை முழுவதையும் இழக்க நேரிடலாம் என்பதை அறிவீர்களா, ஐயா?” இவர் யோசிக்காமலே, “முழுசுமா? அதெப்படிங்க அம்மிணி, கால்வாசின்னு வைங்க, ஒத்துக்கறேன்” என்றார். “ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா.” “செரி, பாதி. அதுக்கு மேல என்னால முடியாதுங்க.” அந்தப் பக்கம் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ரெண்டாவது தடவை கல்வித் தகுதி என்ன என்று கேட்டாள், ஆறாவது என்றார், அவள் ஒரு நொடி சும்மா இருந்தாள், அந்த ஒரு நொடிதான், மண்டைக்குள் சுர்ரென்று ஏறிவிட்டது, “ஆறாவதுக்கு என்ன இப்போ? நாங்க கையெழுத்துப் போட்டாச் செல்லாதா? எத்தனை எம்.பி.ஏ. படிச்சவன் என்ற யார்டு வாசல்ல நின்னிருக்கான் தெரியுமா உனக்கு?” அதுவும் போயிற்று. பிரணவ் சேலத்திலிருந்து பைக்கில் ஓடிவந்தான், புரோக்கர் கம்பெனி கிளைக்கு மேனேஜர், மீசை முளைத்து ரெண்டு நாள் ஆனவன் மாதிரி இருப்பான், “அங்கிள், முன்னயெல்லாம் ஒரு கையெழுத்தோட முடிஞ்சுரும். இப்பப் புது விதி போட்டுட்டாங்க. சாதாரண ஜனங்களுக்கு இந்த மாதிரிச் சரக்கை விக்கணும்னா தலைமை ஆபீஸ்ல இருந்து தனியாக் கூப்பிட்டுக் கேட்டுப் பதிவு பண்ணணும், நாங்க யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது. மூணு தடவை தப்பினா ஆறு மாசம் பூட்டு. அதுக்குள்ள இந்த வட்டி போயிரும்.” பிறகு குரலை இறக்கி, “எதுக்கும் யோசிக்காதீங்க. அவ என்ன கேட்டாலும் ஆமாங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம்” என்றான். சாதாரண ஜனங்கள். அங்கிளாம். அவன் அப்பன் வயது வண்டிகளை அவர் வித்துத் தள்ளியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பையன் மேல் முழுசாகக் கோபம் வரவில்லை, வெயிலில் வந்தவன், சட்டைக் காலர் நைந்திருந்தது, மாசத்துக்கு இத்தனை தள்ளாவிட்டால் அவனுக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாததா. போன் பேசாமல் கிடந்தது. துடைத்து டேஷ்போர்டில் வைத்தார், சூட்டில் வெடித்துவிடுமோ என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆமாங்க என்று ஒரே மூச்சில் அவர் சொன்னது வாழ்க்கையில் ஒரு தடவைதான். விஜயவாடாவில், இருபத்தாறு வயதில். கிளீனராக ஏறி, நாக்பூர் குளிரில் வண்டிக்கு அடியில் சாக்கைப் போர்த்திப் படுத்து, டிரைவராகி, சேர்த்ததை எல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருந்தார். விற்கிறவன் ஒரு ரெட்டி, வெள்ளை வேட்டி, நெய் வாசம். காபி வாங்கிக் கொடுத்தான், சேர் போட்டு உட்காரவைத்தான், அதுவரை எவனும் அவருக்குச் சேர் போட்டதில்லை. அப்புறம், போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள், கண்ணாடியை ஏற்று, என்ஜினைப் போடு, நிதானமாகக் கேள், என்ன கேட்கிறதோ இப்போது கேட்டுக்கொள், பிறகு என்னிடம் வராதே என்றான். ஏறிப் போய் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ஜின் ஓடியது. என்ன கேட்டது? அந்த ஏழெட்டு முகம்தான் கேட்டது. இறங்கி வந்து ஆமாங்க, எல்லாம் சரிங்க என்றார். கூடூர் தாண்டுவதற்குள் வண்டி புகைந்து நின்றது, என்ஜின் பிளாக்கில் விரிசல், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தான். திரும்பிப் போய் நின்றதற்கு, நீதானே கேட்டாய், நீதானே சரி என்றாய் என்றான் ரெட்டி. கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை, இன்னொருத்தனுக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த அடியிலிருந்துதான் அர்த்தனாரி தொழில் படித்தார், யாருக்கும் முதல் வார்த்தையில் ஆமாம் சொல்வதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவில் வந்ததுதான் இந்த யார்டு, மெத்தை வீடு, பாவாயி கழுத்தில் கிடப்பது எல்லாம். கூடவே ரெட்டியின் அந்தக் கேபின் வித்தையையும் எடுத்துக்கொண்டார். இந்த வட்டாரத்தில் அதற்கு அர்த்தனாரி தரிசனம் என்று பேர். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து கும்பிடு போடுகிறவர்களைப் பார்த்து மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். அதில் என்ன தப்பு. காது அவனவனுடையது. ஒருத்தனும், ஒரே ஒருத்தன்கூட, இறங்கி வந்து எனக்கு ஒண்ணும் தெரியலைங்க என்று சொன்னதில்லை. சொல்லவே மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் ஏற்றிவிடுவார். நாக்கு வறண்டது. தண்ணீர்ப் பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார், கதவைத் திறந்தால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

கோடு. காலையிலிருந்து அந்தக் கோடு ஒன்று மண்டைக்குள் முள்ளாகக் கிடக்கிறது. பாவாயி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவள் எதையும் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை, தோசையைப் புரட்டிக்கொண்டே, “போடுங்க, ஆரு வேண்டாங்கறாங்க. அது என்னன்னு எனக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போடுங்க” என்றாள். என்ன பெரிய சங்கதி. பிரணவ் சொன்னதை அப்படியே சொல்ல ஆரம்பித்தார், “பங்குச் சந்தைன்னு ஒண்ணு இருக்குதா, அது மேல கீழ போவும். மூணு வருசம் அது எப்படிப் போனாலும் நமக்கு பாங்கியை விட டபுள் வட்டி. ஒரு கோடு இருக்குது. அந்தக் கோட்டுக்குக் கீழ மட்டும் போவக் கூடாது.” “போனா?” “போவாது.” “ஒருக்காப் போயிட்டா?” “ஒரு நாள் தொட்டாலும் அப்புறம் கணக்கு வேற. சந்தை எவ்வளவு விழுந்துதோ அவ்வளவு நம்ம போட்ட மொதல்ல கழிச்சு…” இங்கே வந்து நின்றார். அவ்வளவா, அதற்கு மேலேயா, தொட்டுவிட்டுத் திரும்ப ஏறிவிட்டால் என்ன, அன்றைக்கே கழிப்பானா, மூணு வருசம் கழித்தா. பிரணவ் இதை எல்லாம் சொன்னானா? சொல்லியிருப்பான். அவன் சொல்லும்போது இவர் தலையை ஆட்டினார், பங்காளி நல்லதம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், போன வாரமே போட்டுவிட்டவன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “இதெல்லாம் புரிஞ்சவங்களுக்குத்தாண்டா, உனக்கென்ன, சட்டுனு புடிச்சுக்குவ” என்றான். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது. பாவாயி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “அந்தக் கோடு எங்கீங்க இருக்குது?” அவ்வளவுதான் கேட்டாள், கிண்டலாகக்கூட இல்லை, சாமான் எந்த அலமாரியில் என்று கேட்பதுபோல. தட்டு சுவரில் போய் அடித்தது. சட்னி வழிந்தது. “எங்கே இருக்குதுன்னா? உன்ற தலையில இருக்குது. உனக்குச் சொன்னாப் புரியுமா?” அவள் துணி எடுத்துச் சுவரைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, “எனக்குப் புரியலைதான். உங்களுக்குப் புரிஞ்சாச் செரி” என்றாள். உங்களுக்குப் புரிஞ்சாச் செரி. வண்டி என்றால் டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கலாம், புகையின் நிறத்தைப் பார்க்கலாம், அச்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு விரலால் தட்டலாம். இதை எங்கே தட்டுவது. வழவழப்பான காகிதம், அதில் ஒரு கிழவனும் கிழவியும் பல்லு முழுசும் தெரியச் சிரிக்கிறார்கள். ஆனால் வேண்டாம் என்று விட்டால் என்ன செய்வது, பாங்கி வட்டி மாத்திரைக்குத்தான் வரும், இன்னும் எத்தனை வருசம் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பது, ஒரு இடத்தில் உட்கார்ந்தால் போதும், பணம் தானாக வந்து விழுந்தால் போதும். நல்லதம்பிக்கு விழும். அவன் வந்து சொல்லுவான்.

வெளியே ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. செங்கல்காரன். சாயங்காலம் என்றவன் உச்சி வெயிலிலேயே வந்துவிட்டான், செம்மலை என்று பேர், வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய்ச் சொந்தமாக ஒன்று வாங்க வந்திருக்கிறான், முதல் வண்டி. கேபினுக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் தகரக் கூரை நிழலில் நின்று இவரையே பார்த்தான். பார்க்கட்டும். போன் அதிர்ந்தது. “வணக்கம் ஐயா. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. உங்கள் அருகில் வேறு யாரேனும் இருக்கிறார்களா?” அதே பொண்ணுதான், சளி பிடித்திருந்தது, காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதையே வாசித்தாளோ. “ஆமாங்க” என்றுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “இல்லீங்க, ஆருமில்ல, வெளிய ஒருத்தன் நிக்கறான், அவனுக்குக் கேக்காது” என்றார். “நல்லது ஐயா. இந்தப் பத்திரம் பாங்கு வைப்புத்தொகை அல்ல என்பதை அறிவீர்களா?” “ஆமாங்க.” “குறிப்பிட்ட காலத்துக்கு முன்பு பணத்தைத் திரும்பப் பெற இயலாமல் போகலாம் என்பதை அறிவீர்களா?” “ஆமாங்க.” வந்துவிட்டது, வழுக்கிக்கொண்டு போகிறது, இவ்வளவு சுலபமா, கியர் விழுகிற மாதிரி ஒவ்வொன்றாக விழுகிறது. “முதலீடு செய்த தொகை முழுவதையும் இழக்க நேரிடலாம் என்பதை அறிவீர்களா?” முழுவதையும். பல்லைக் கடித்தார். கண்ணாடிக்கு வெளியே செம்மலை நெற்றியை வழித்து உதறிக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்தான், மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. “ஆமாங்க.” “இக்கேள்விகளுக்கு இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று யாரேனும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?” “ஆமாங்க” என்றார் அர்த்தனாரி.

அந்தப் பக்கம் ஒரு மூக்கு உறிஞ்சல். பிறகு, புஸ்தகக் குரல் கொஞ்சம் நழுவி, “ஐயா, இந்தக் கேள்வியை ஒரு முறை திரும்ப வாசிக்க எனக்கு அனுமதி இருக்கிறது. நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்லுங்கள்” என்றாள். வாசித்தாள். இப்போது இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. வாழ்க்கை முழுவதும் எவன் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வந்து நிற்கிற வார்த்தை, அதைச் சொன்னால் பத்திரம் கைக்கு வந்துவிடும், பிரணவுக்கும் மாசம் தள்ளிவிடும், நல்லதம்பி மூஞ்சியில் கரி. வாயைத் திறந்தார். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. மூடிய கண்ணாடி, வெளியே நின்று பார்க்கிற முகம், காதில் காய்கிற போன், இவர் எந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்? ரெட்டியின் வெள்ளை வேட்டி எங்கே நிற்கிறது? காபிகூட வாங்கித் தரவில்லையே இந்தத் தடவை. “அம்மிணி,” என்றார், “அந்தக் கோடுங்கறாங்களே. அது எங்கே இருக்குதுங்க?” “மன்னிக்க வேண்டும் ஐயா. விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேட்பதற்கு மட்டும்தான்.” “உனக்காச்சும் தெரியுமா கண்ணு?” “மன்னிக்க வேண்டும் ஐயா.” கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை, இருந்த இடத்தில் தண்ணீர் வற்றிப்போனது போல இருந்தது. “அப்ப எழுதிக்குங்க. எனக்கு இது புரியலைங்க.” சொல்லிவிட்டார். புரியலை. இந்த வார்த்தையைச் சொன்னால் கூரை இடிந்து தலையில் விழும் என்று இருந்தார். விழவில்லை. “பதிவு செய்துகொண்டேன் ஐயா. உங்கள் விண்ணப்பம் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. நன்றி.” பிறகு, வைப்பதற்கு முன்னால், வேகமாக, “வெயில்ல இருக்கீங்க போல. தண்ணி குடிங்க” என்றாள்.

வைத்துவிட்டாள். இவர் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்தால் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும், அதுதான் முறை, அதற்குப் பிறகுதான் நிஜமான பேரமே. யாரும் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டது பிரணவ். அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகுமோ, சொல்லிக்கொடுத்ததை ஒத்துக்கொண்டுவிட்டோமே, ஆனால் ஆகட்டும், காலர் நைந்தவன் இன்னொரு கம்பெனிக்குப் போவான், அங்கேயும் இதையேதான் விற்பான். மறுபடி அடித்தது. கண்ணாடியை இறக்கினார். வெளிக்காற்றும் சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் காற்று. பாவாயி மோர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்தாள், காலையில் தட்டு எறிந்த மனுசனுக்கு மோர், அவள் அப்படித்தான். “ஆச்சுங்களா?” “ஆகலை.” “ஏனாம்? சத்தம் கித்தம் போட்டீங்களா?” “புரியலைன்னு சொல்லிப்போட்டேன்.” சொம்பை நீட்டின கை அப்படியே நின்றது. “ஆரு, நீங்களா?” “நாந்தான். குடுடி அதை.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சிரிக்கட்டும். குடித்தார். இடுப்பு வலித்தது. இனி பாங்கி வட்டிதான், மாத்திரைக்கு வரும், மற்றதை என்ன செய்வது என்று நாளைக்குத்தான் யோசிக்க வேண்டும், இன்றைக்கு யோசிக்கத் தெம்பில்லை.

இறங்கினார். செம்மலை கும்பிட்டான். “பாக்கலாங்களா, அண்ணா?” சாவியைக் கொடுத்தார். சொல்ல வேண்டியதை அவர் வாய் தானாகச் சொன்னது, ஏறு, கதவைச் சாத்து, கண்ணாடியை ஏத்து, எஞ்சினைப் போட்டு நிதானமாக் கேளு, அப்புறம் எங்கிட்ட வராதே. அவன் ஏறினான். இடது பக்கக் கண்ணாடி சிக்கியது, உள்ளேயிருந்து குத்தினான். என்ஜின் பிடித்தது. நியூட்ரலில் ஓடும்போது கியர் பாக்ஸில் ஒரு முனகல் உண்டு, கிளட்சை மிதித்தால் முனகல் நின்றுவிடும், பேரிங் போய்க்கொண்டிருப்பதற்கு அதுதான் அடையாளம், ஆறு மாசம் தாங்கும். வெளியே நின்ற அர்த்தனாரிக்கு அது கேட்டது. உள்ளே இருந்தவன் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டு, மேலே ஒட்டியிருந்த சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு தரம் இவரைப் பார்த்தான், ஒரு தரம் பாவாயியைப் பார்த்தான். கிளட்சில் காலே வைக்கவில்லை. என்ஜினை நிறுத்தி இறங்கி வந்தான். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. “எல்லாஞ் செரிங்கண்ணா.”

அர்த்தனாரி துண்டால் கழுத்தைத் துடைத்தார். தலை வலித்தது. பேசாமல் கையை நீட்டி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கலாம்.

“என்னடா செரி?” என்று எரிந்து விழுந்தார். “உள்ளார உனக்கு என்ன கேட்டுது, அதைச் சொல்லு மொதல்ல.”